லண்டன் குளிரில் ஹீட் பம்புக்கு மாறினோம்

2024 ஜனவரியில், வீட்டைச் சூடாக்கும் எங்கள் கேஸ் பாய்லர் இரண்டாவது முறையாக நின்றது. பதினேழு வருடப் பாய்லர், இனி உதிரிபாகம் கிடைப்பதே கஷ்டம் என்று பழுதுபார்க்க வந்தவர் சொன்னார். எப்படியோ அந்தக் குளிர்காலத்தை மட்டும் ஓட்டினோம். வடமேற்கு லண்டனில் 1930களில் கட்டிய வீடு எங்களுடையது. புது கேஸ் பாய்லர் வாங்கினால் செலவு குறைவுதான். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட் பம்புக்கு அரசு தரும் மானியம், 2023 அக்டோபரில் 5,000 பவுண்டிலிருந்து 7,500 ஆகியிருந்தது. சரி, விசாரித்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கமாக வெளியே விடுகிறது அல்லவா, அதே வேலையைத்தான் ஹீட் பம்ப் செய்கிறது. வெளிக்காற்று எவ்வளவு சில்லென்று இருந்தாலும் அதிலிருக்கும் வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் தள்ளுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, மூன்றரை யூனிட் வெப்பம் கிடைக்கும். ஆனால் இங்கே மின்சாரம் ஒரு யூனிட் கேஸைப் போல நான்கு மடங்கு விலை. அதனால் அந்த மடங்கு மூன்றுக்குக் கீழே இறங்கினால் பில் கையைக் கடிக்கும்.

எம்.சி.எஸ். என்ற தரச்சான்று பெற்ற நிறுவனம் பொருத்தினால்தான் மானியம். விண்ணப்பத்தை அவர்களே போட்டு, தொகையை நம் பில்லில் கழித்துவிடுவார்கள். மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டேன். முதலில் வந்தவர் இருபது நிமிடம் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 12 கிலோவாட் இயந்திரம் வேண்டும் என்றார். எந்தக் கணக்கும் காட்டவில்லை. இரண்டாமவர் கடைசிவரை பதிலே தரவில்லை. மூன்றாவதாக வந்த பெண்மணி மூன்று மணி நேரம் இருந்தார். ஒவ்வொரு அறையிலும் சுவர், ஜன்னல், தரை, பரணில் இருக்கும் வெப்பக்காப்பு என்று எல்லாவற்றையும் அளந்தார். வெளியே மைனஸ் 2 டிகிரி இருக்கும்போது எந்த அறை எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். மொத்தம் 6.8 கிலோவாட். தேவையைவிடப் பெரிய இயந்திரம் மிதமான குளிரில் நின்று நின்று ஓடும், அதில் மின்சாரமும் வீண், கம்ப்ரசரும் சீக்கிரம் தேயும் என்று விளக்கினார். எந்தக் கம்பெனி இயந்திரம் நல்லது என்றுதான் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். கணக்குப் போட்டவர் யார் என்பதுதான் அதைவிட முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அறைகளைச் சூடாக்க வெந்நீர் ஓடும் ரேடியேட்டர்கள் ஒன்பதில் ஆறை மாற்ற வேண்டியிருந்தது. பாய்லர் 70 டிகிரியில் தண்ணீரை அனுப்பும், இது 45க்குள் அனுப்பும். தண்ணீரில் சூடு குறைந்தால் ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டும். இயந்திரம் பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது (2025 மே மாதம் இங்கிலாந்தில் அதை எடுத்துவிட்டார்கள்). பக்கச் சந்து அதற்குப் போதவில்லை, பின்தோட்டத்துக்குப் போனது. 200 லிட்டர் வெந்நீர்த் தொட்டி வைக்க, அரிசி மூட்டையும் பொங்கல் பானைகளும் இருந்த மாடி அலமாரியைக் காலி செய்தோம். ஆகஸ்டில் ஐந்து நாள் வேலை. மானியம் போக 5,700 பவுண்டு ஆனது.

குளிர் தொடங்கிய முதல் மாதம் தப்பாகத்தான் ஓட்டினேன். பாய்லர் பழக்கத்தில் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம் என்று டைமர் வைத்தேன். ஆறிப்போன வீட்டை அவசரமாகச் சூடாக்க அது 55 டிகிரி வரை போனது. அப்படியும் வீடு முழுக்கச் சூடாகவில்லை. திரையில் மடங்கு 2.7. அந்தப் பெண்மணிக்குப் போன் செய்தேன். டைமரை எடுத்துவிடுங்கள், நாள் முழுக்க மெதுவாக ஓடட்டும், வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீர்ச் சூட்டை அதுவே கூட்டிக் குறைக்கும்படி வையுங்கள் என்றார். வெளியே 10 டிகிரி என்றால் தண்ணீர் 32, மைனஸ் 2 என்றால் 45. வாரத்துக்கு ஒரு டிகிரியாகக் குறைத்துக் குறைத்து இந்த அளவுக்கு வந்தேன். பிப்ரவரியில் மடங்கு 3.6க்கு ஏறியது.

டிசம்பரில் மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தார். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னடா, இது வேலை செய்யலையா? சூடே இல்லையே" என்றார். தெர்மாமீட்டரைக் காட்டினேன், 21. மறுநாளே ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க ஒரே சூடு. விடியற்காலையில் குழந்தைக்குப் பால் கலக்க எழும்போது கால் ஜில்லிடாமல் இருப்பது எனக்கு இன்றைக்கும் பெரிய நிம்மதி.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் பதறிக் கதவைத் தட்டினார், இயந்திரத்திலிருந்து புகை வருகிறது என்று. அது நீராவி. ஈரப்பதமான 2, 3 டிகிரிக் குளிரில்தான் அதன் முதுகில் பனி அதிகம் படியும். அவ்வப்போது தானே அதை உருக்கிக்கொள்ளும். அந்தத் தண்ணீர் நடைபாதையில் வழிந்து உறைந்தால் வழுக்கும், அதனால் அடியில் ஜல்லி போடச் சொல்லுங்கள்.

அடுப்பு இன்னும் கேஸில்தான் எரிகிறது. அதற்காகவே, எவ்வளவு எரித்தாலும் மாறாத நிலைக்கட்டணமாகத் தினம் சுமார் 30 பென்ஸ் கட்டுகிறோம். வரும் கோடையில் இண்டக்‌ஷன் வாங்கி கேஸ் இணைப்பைத் துண்டிக்கப் போகிறோம். அம்மாவின் இரும்புத் தோசைக்கல் அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால் அதில் வேலை செய்யும். அலுமினிய இட்லிப் பானையைத்தான் மாற்ற வேண்டும்.