தொங்கி நகரும் மரக்கதவு: மரமும் பாலிஷும்

மேலே இரும்புத் தண்டவாளத்தில் தொங்கிப் பக்கவாட்டில் நகரும் 'பார்ன் டோர்' கதவை இப்போது சென்னை அடுக்ககங்களிலும் பலர் விரும்பிப் போடுகிறார்கள். அமெரிக்கப் பண்ணைக் கொட்டகைகளுக்காக உருவான இந்தக் கதவை எங்கள் வீட்டுப் படிப்பறைக்கு நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அழகு மட்டுமன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும்போது நிலைக்குள் அடங்கும் சாதாரணக் கதவு இறுகிக்கொள்ளும். நிலையே இல்லாத இந்தக் கதவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் சுவருக்கும் கதவுக்கும் இடையே அரை அங்குலம்தான் இருக்கும் என்பதால், பலகை சற்றே வளைந்தாலும் சுவரை உரசும். இந்தக் கதவு உப்பலாம், வளையத்தான் கூடாது.

மரம் வாங்கும்போதும் இதைத்தான் பார்க்க வேண்டும். வைரம் பாய்ந்த, நன்றாக உலர்ந்த தேக்கே என் தேர்வு. காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளின் பழந்தேக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம் எளிதில் அசையாது. ஆனால் உள்ளே முறிந்து கிடக்கும் ஆணிகளைத் தேடி எடுக்காமல் இழைப்பு இயந்திரத்தில் விட்டால் அதன் கத்தி போய்விடும். வெள்ளை ஓடிய (மரத்தின் வெளிப்புற வெளிறிய பகுதி கலந்த) பலகையை மலிவு என்று வாங்கிவிட வேண்டாம், பூச்சி முதலில் அங்கேதான் ஏறும். பலகைகளை அகலவாட்டில் இறுக்கி ஒட்டாமல் நாக்கும் காடியுமாகக் (ஒன்றின் விளிம்பு மற்றதன் பள்ளத்தில் நுழையும்படி) கோத்து, இடையே அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) இடைவெளி விட்டு, பின்னால் குறுக்குச் சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். செலவு இடித்தால் தேக்கு வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டிய பிளஷ் டோர் என்ற தட்டையான ஆயத்தக் கதவு போதும். அது வளைவதும் குறைவு.

திறப்பு 3 அடி என்றால் கதவு இருபுறமும் 2 அங்குலம் கூடுதலாகவும், தண்டவாளம் கதவின் அகலத்தைப்போல் இரு மடங்கு நீளமாகவும் வேண்டும். 7 அடி உயரமும் ஒன்றரை அங்குலத் தடிமனும் உள்ள தேக்குக் கதவு 50 கிலோவைத் தாண்டும். திறப்புக்கு மேலே கான்கிரீட் லிண்டல் (திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் விட்டம்) இருக்கும், ஆனால் கதவு ஒதுங்கும் பக்கத்தில் வெறும் கட்டுச்சுவர்தான். அதிலும் புது வீடுகளின் இலேசான ஏஏசி கல்லில் (காற்றுக் குமிழிகள் நிறைந்த கான்கிரீட் கல்) சாதாரணத் திருகாணி நிற்காது. அந்தக் கல்லுக்கு ஏற்ற ஆங்கர் (சுவருக்குள் பிடித்து நிற்கும் ஆணி) அடித்துச் சுவரில் ஒரு தடித்த பலகையைப் பொருத்தி, அதன்மேல் தண்டவாளத்தை ஏற்றுவதே பாதுகாப்பு. சத்தமும் வாடையும் இடுக்கு வழியாக வரும் என்பதால் குளியலறைக்கு இது வேண்டாம்.

பெரும்பாலோர் அவசரப்படுவது பாலிஷில்தான். முன்பக்கத்தைக் கண்ணாடிபோல் தேய்த்துவிட்டுப் பின்பக்கத்துக்கு ஒரு கை மட்டும் பூசினால், பூச்சு குறைந்த பக்கம் ஈரத்தை வேகமாகக் குடித்துக் கதவு வில்லாக வளையும். இரு முகங்களுக்கும் ஒரே பூச்சு, ஒரே எண்ணிக்கையில் வேண்டும். யார் கண்ணிலும் படாத மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் இன்னும் முக்கியம். அங்கே மர இழைகளின் வாய் திறந்திருப்பதால், முதல் கை பூசிய சிறிது நேரத்திலேயே எல்லாம் உறிஞ்சப்பட்டு மரம் மறுபடி வறண்டு தெரியும். உறிஞ்சுவது நிற்கும்வரை பூச வேண்டும்.

80, 120, 180 என்ற எண்களில் (எண் கூடக் கூட மென்மை கூடும்) வரிசையாக உப்புத்தாளை இழையோட்டத்திலேயே தேய்த்த பின், தேக்கின் இயல்பான எண்ணெய்ப் பசையைத் தின்னர் தோய்ந்த துணியால் துடைத்தால்தான் பூச்சு பிடிக்கும். அரக்கில் செய்யும் பிரெஞ்சு பாலிஷின் ஒளி எனக்குப் பிடிக்கும், பழுதானாலும் எளிதில் சரிசெய்யலாம். ஆனால் ஈரக்காற்றில் பூசினால் வெண்படலம் பூக்கும், கை படும் இடத்தில் சீக்கிரம் தேயும். அதனால் பளபளப்பில்லாத பியூ (பாலியூரித்தேன்) பூச்சுக்கே போனேன். ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது; அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும், விரித்து உலர்த்த வேண்டும்.

சுவர்ப்பக்கக் கைப்பிடி, பலகைக்குள் குடைந்து பதிக்கும் வகையாக இருக்கட்டும். அந்தக் குழியையும், தரை வழிகாட்டிக்காக (கதவு ஆடாமல் தரையில் பொருத்தும் சிறு துண்டு) அடியில் எடுக்கும் காடியையும் பூச்சுக்கு முன்பே ஆசாரியிடம் வெட்டி வாங்கிவிடுங்கள். பிறகு வெட்டினால் பூச்சில்லாத மரம் திறந்து கிடக்கும்.