ஜெர்மனியிலிருந்து வந்த பணமும் பி0802-ம்

யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சின்ன நிரல் ஒன்றை கிட்ஹப்பில் வைத்திருக்கிறேன். எம்ஐடி உரிமம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆவணங்களை மின்னாக்கம் செய்யும் ஜெர்மன் நிறுவனம் ஒன்று அதைப் பயன்படுத்துகிறது. கொ, கோ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்துபோய் விழும் பிழையைச் சரிசெய்து, தொடர்ந்து பராமரிக்கவும் பணம் தருவதாகச் சொன்னார்கள். ஆபீசில் அனுமதி கேட்டேன், மெயிலிலேயே வந்துவிட்டது. வேலை முடிந்தது. வங்கிகளுக்கிடையேயான ஸ்விஃப்ட் முறையில் பணமும் கிளம்பியது.

பெங்களூருக்கு வந்து சேர்ந்த பணம் என் கணக்குக்குள் மட்டும் வரவில்லை. "பர்பஸ் கோடு தேவை" என்று வங்கியிலிருந்து ஒரு வரி மெயில். வெளிநாட்டுப் பணம் எதற்காக வருகிறது என்பதைக் குறிக்கும் எண் அது. பதில் போட்டால் பதில் இல்லை. பிடிஎம் லேஅவுட்டில் இருக்கும் எங்கள் கிளையில் கேட்டால், அந்நியச் செலாவணி எல்லாம் எம்ஜி ரோடு பக்கம்தான் பார்ப்பார்கள் என்றார்கள். லீவு போட்டுவிட்டு அங்கே போனேன்.

கவுன்டரில் இருந்த அம்மணி இன்வாய்ஸைப் புரட்டிப் பார்த்தார். அதில் 'ஓப்பன் சோர்ஸ் ஸ்பான்சர்ஷிப்' என்று இருந்தது. ஜெர்மன்காரர்கள் தங்கள் கணக்குப் பிரிவுக்காகக் கேட்டு வாங்கிய தலைப்பு அது.

"இது ஃப்ரீயா கிடைக்கிற சாஃப்ட்வேர்தானே? அப்புறம் எதுக்குப் பணம் அனுப்புறாங்க?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ டொனேஷன்" என்று பி1302-ஐக் காட்டினார். தனிப்பட்ட பரிசு, நன்கொடைக்கான கோடு அது. வேண்டாம் என்றதும் பி1301-க்குப் போனார். அது குடும்பப் பராமரிப்புக்கு உறவினர்கள் அனுப்பும் பணம். ஜெர்மனியில் எனக்கு அத்தை மாமா யாரும் இல்லை என்றேன். சிரிக்கவில்லை. "நாளெ பன்னி" என்றார், கன்னடத்தில் நாளை வாருங்கள்.

எந்தக் கோடாக இருந்தால் என்ன, பணம் வந்தால் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து நன்கொடை என்று பதிவானால், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் கேள்வி வரலாம். செய்த வேலைக்கான கட்டணத்துக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. நமக்குரியது பி0802, மென்பொருள் ஆலோசனை மற்றும் செயலாக்கம்.

மறுபடி போனபோது வேறொருவர் இருந்தார், கோலார் தங்கவயல்காரர். பெயரைப் பார்த்ததும் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். "தம்பி, நீங்க சொல்றது சரிதான். ஆனா என் ஃபைல்ல 'ஸ்பான்சர்ஷிப்'னு இருந்தா ஆடிட்ல என்னைக் கேப்பாங்க. என்ன வேலைக்கு என்ன பணம்னு அனுப்பினவங்ககிட்ட ஒரு பக்கம் எழுதி வாங்கிட்டு வாங்க." முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் ஒரு லீவு மிஞ்சியிருக்கும். இரவே ஜெர்மனிக்கு எழுதினேன். பிழைதிருத்தம், பராமரிப்பு என்று தெளிவாக எழுதிய கடிதமும் புது இன்வாய்ஸும் காலையில் வந்திருந்தன. பணம் உள்ளே வந்தது.

கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. நடுவில் இருந்த வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டது. அனுப்புபவரிடம் வங்கிக் கட்டணம் முழுவதையும் 'OUR' என்ற முறையில் அவர்களே ஏற்கச் சொல்லுங்கள். நம் வங்கி போடும் யூரோ விலையையும் முன்கூட்டியே கேளுங்கள், பேசினால் சில பைசா ஏறும். வருமான வரியில் சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1 படிவம் இந்த வருஷம் ஆகாது, ஆடிட்டரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். வங்கி எழுத்துப்பூர்வமான புகாருக்கு 30 நாளில் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். என் மெயிலில் அதைக் குறிப்பிட்ட அன்றுதான் முதல் போன் வந்தது.

பணம் வந்ததோடு விட்டுவிடாமல், வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கு வங்கி தரும் ஃபிரா சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் தரமாட்டார்கள். கேட்டாலும் முதலில் பாஸ்புக் என்ட்ரியைத்தான் பிரின்ட் எடுத்து நீட்டுவார்கள். கைக்கு வந்ததும் பர்பஸ் கோடு கட்டத்தைப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு என்னுடையதில் பி1302 என்றே அச்சாகியிருந்தது. மாற்றித் தரும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.