நாய் உட்காராத நிலம்

இலங்கையின் வடக்கே, வன்னியில் மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் சமூகத் தொடர்பாளராக வேலை செய்தேன். மண்ணைக் கிளறுவது என் வேலை அல்ல. எந்த மாடு எங்கே காலிழந்தது, மண் அணை எந்தப் பக்கமாகப் போனது, காவலரண் எங்கே இருந்தது என்று வீடு வீடாகக் கேட்டுக் குறிப்பெடுப்பேன். துப்புரவு முடிந்த பிறகு காணிக்காரரிடம் "இனிப் போகலாம்" என்று சொல்வேன். அந்தச் சொல்லைத் துணிந்து சொல்ல எனக்குத் துணை நின்றவர்களில் ரோசியும் ஒருத்தி. அவள் வெடிமருந்தை மோப்பம் பிடிக்கப் பழக்கிய மாலினோய் இனத்து நாய்.

நாய்கள் இருக்கும்போது, போர்முனையாக இருந்த முகமாலையில் ஏன் பெண்கள் வெயிலில் முழங்காலில் இருந்து மண்வாரியால் மண்ணை வாருகிறார்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முகமாலையில் மிதிவெடிகள் வரிசை வரிசையாக, நெருக்கமாகப் புதைக்கப்பட்டிருந்தன. அவ்வளவு நெருக்கத்தில் ஒன்றின் மணம் மற்றதோடு கலந்துவிடும்; எது எங்கே என்று நாயால் பிரித்துச் சொல்ல முடியாது. அங்கே மனிதக் கைதான் வேண்டும். நாயின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஆண்டுக்கணக்காகப் பற்றை மூடிக் கிடக்கும் காணிகளில்தான் அது பெறுமதி மிக்கது.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் பக்கத்தில் அப்படி ஒரு காணி. ஒரு கிணறு, தலை போன இரண்டு தென்னைகள், ஒரு முருங்கை. 2009இல் போரின்போது விட்டுப் போன அம்மா திரும்பி வந்து, வேலிக்கு வெளியே, உறவினர் காணியில் கொட்டில் போட்டு இருந்தார். தன் கிணற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அடுத்த வீட்டில் தண்ணீர் அள்ளினார். காணி முழுவதும் தகரத் துண்டு, ஆணி, கம்பி. உலோகம் காட்டும் கருவி ஒவ்வொன்றுக்கும் கத்தும். கத்திய இடத்தையெல்லாம் தோண்டித்தான் ஆக வேண்டும். பி4 போன்ற பிளாஸ்டிக் உறை வெடிகளிலோ உலோகம் மிகக் கொஞ்சம். நாய் தேடுவது இரும்பை அல்ல, வெடிமருந்தின் மணத்தை. மரப்பெட்டியில் செய்த ஜொனி மிதிவெடி என்றாலும் அதற்கு ஒன்றுதான்.

விடியற்காலையிலேயே தொடங்கிவிடுவோம். முதலில் பரிசோதனை: தெரிந்த இடத்தில் புதைத்த மாதிரியை ரோசி கண்டுபிடிக்க வேண்டும். பிடிக்காத நாளில் அவளுக்கு வேலை இல்லை. பிறகு பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் சதுரம். நீண்ட கயிற்றின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் அவளை நடத்தும் தம்பி. மூக்கு நிலத்தை உரசுமாப்போல் நேர்கோட்டில் போவாள். வெடியின் மணம் பிடித்தால் உட்காருவாள். அவளுடைய மூச்சு, சுளகில் அரிசி புடைப்பதுபோல் சிறிதாக, விடாமல் கேட்கும். அவள் முடித்த சதுரத்தை இன்னொரு நாய் புதிதாகத் தேடும். இரண்டும் உட்காராமல் திரும்பினால்தான் அந்தச் சதுரம் கணக்கில் சேரும். ஒரு நாள் கிணற்றடிக்குப் பக்கத்தில் மூச்சின் வேகம் மாறியது. இரண்டடி தாண்டிப் போனவள் தலையைத் திருப்பினாள், வால் நின்றது, மெல்ல உட்கார்ந்து தம்பியைப் பார்த்தாள். அவளுக்குக் கூலி ஒரு இறப்பர்ப் பந்து. அந்தப் பந்துக்காக அவள் துள்ளிய துள்ளலுக்குப் பின்னால், அம்மா வேலிக்கு அப்பால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தேடாமலே காணிக்குத் திரும்பியிருந்தால், அந்த வழியால்தான் அவர் தண்ணீருக்குப் போய் வந்திருப்பார்.

வெடி எடுத்த நாளைப் படம் பிடிக்கப் பலர் வருவார்கள். ஒன்றும் கிடைக்காத நாளுக்கு யாரும் வருவதில்லை. ஆனால் அந்த அம்மா காத்திருந்தது ஒன்றும் கிடைக்காத நாள்களுக்காகத்தான். நாய் உட்காராமல் திரும்பிய ஒவ்வொரு சதுரமும் அவருக்கு ஒரு பாத்தி மிளகாய்.

எனக்கும் அவசரம் இருந்தது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. 2028 ஜூன் மாதத்துக்குள் நாட்டின் நிலம் முழுவதையும் துப்புரவாக்கும் கடமை அதிலிருந்து வந்தது. அந்தக் கணக்கு எங்கள் எல்லோருடைய தலையிலும் இருந்தது. மாரி மழை தொடங்கினால் நாய் வேலையை நிறுத்திவைக்க வேண்டிவரும் என்ற கவலை வேறு. ஒரு நாள், வெயில் ஏறிய பிறகு, "இன்னும் ஒரு சதுரம் பாருங்களேன் தம்பி, முருங்கையடி மட்டும்" என்று கேட்டுவிட்டேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "இல்லை அக்கா. களைத்துவிட்டால் இவள் மண்ணைக் கேட்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். நான் என்ன நினைக்கிறேனோ அதையே சொல்வாள்." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கேட்டது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போதுதான் உறைத்தது. அவசரத்தில் கிடைத்த ஒரு பொய் "இல்லை"யை நம்பி அந்த அம்மா மண்வெட்டியோடு இறங்கியிருப்பார். முருங்கையடியை அடுத்த நாள் காலையில் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தத் தம்பிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கையளிக்கும் நாளில் நாங்கள் எல்லோரும் காணிக்குள் நடந்து காட்டுவது வழக்கம். காகிதத்தை நீட்டினேன், அம்மா அதை வாசிக்கவில்லை. "முருங்கையடியிலும் நாய் நடந்ததா, பிள்ளை?" என்று கேட்டார். வரைபடத்தில் அந்தச் சதுரத்தைத் தொட்டுக் காட்டினேன். செருப்பைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு உள்ளே வந்தார். தம்பி அன்று ரோசியின் வேலைப்பட்டியைக் கழற்றியிருந்தார். வேலை நேரத்தில் அந்த மண்ணில் ஒருமுறைகூடப் படுக்காதவள், தென்னையடிக்குப் போனாள். முதுகைச் சாய்த்தாள், நான்கு காலையும் மேலே தூக்கிப் புரண்டாள். தம்பி கூச்சத்தோடு கூப்பிட்டார்.

"விடு மகனே, புரளட்டும்" என்றார் அம்மா. பிறகு கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.