ஐந்து பிரிவு, ஒரே மண்டபம்: சேலத்தில் செஸ் போட்டி நடத்திய அனுபவம்

அம்மாபேட்டையில் செஸ் போட்டி நடத்துவது என்று நண்பர்கள் சேர்ந்து முடிவு செய்ததும் முதலில் புரட்டியது காலண்டரைத்தான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலியாக இருக்கும், வாடகையையும் பேசிக் குறைக்கலாம். ஆனால் சேலத்தில் ஆடி என்றால் கோட்டை மாரியம்மன் பண்டிகை. அந்தக் கூட்டம் சேர்வதற்கு முந்தைய ஞாயிறைப் பிடித்தோம்.

8, 10, 13, 16 வயதுக்கு உட்பட்டோர், அப்புறம் வயது வரம்பில்லாத ஓபன். ஸ்விஸ் முறையில், அதாவது தோற்றாலும் யாரும் வெளியேறாமல் ஒவ்வொரு ரவுண்டிலும் ஏறக்குறைய அதே புள்ளி உள்ளவரோடு ஆடும் முறையில், 7 ரவுண்டு, ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 5 வினாடி கூடுதல். மேஜை, நாற்காலி, சாப்பாடு எல்லாம் பணமும் ஆளும் இருந்தால் நடந்துவிடும். எங்களை உட்கார வைத்து யோசிக்க வைத்தது பரிசுப் பட்டியல்தான்.

8 வயதுப் பெண் குழந்தைகளில் 6 பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். ஸ்விஸில் ஒருவரோடு ஒருமுறைதான் ஆட முடியும். 6 பேர் என்றால் 5 ரவுண்டோடு எதிராளி தீர்ந்துவிடும். அதனால் ஆண், பெண் எல்லோரையும் ஒரே குழுவாக ஆடவிட்டு, பரிசுக்கு மட்டும் பெண்களுக்குத் தனி வரிசை எடுத்தோம். பிறந்த தேதியை ஆதார் அல்லது பிறப்புச் சான்றிதழைப் பார்த்தே ஏற்றுக்கொண்டோம். ஒருவருக்கு ஒரு பரிசுதான், இரண்டுக்குத் தகுதி இருந்தால் பெரியது. இது இல்லாவிட்டால் ஒரே பிள்ளை மூன்று கோப்பையோடு போகும், பக்கத்துப் பிள்ளை வெறுங்கையோடு நிற்கும்.

சமப் புள்ளி வந்தால் என்ன செய்வது என்பதை நோட்டீஸிலேயே அச்சடித்தோம். முதலில் புக்ஹோல்ஸ், அதாவது நம்மோடு ஆடியவர்கள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. ரொக்கத்தைப் பிரித்துத் தருவதில்லை என்பதையும் போட்டோம். காலையில் முதல் ரவுண்டுக்கு முன் நடுவர் மைக்கில் மறுபடி வாசித்தார். பரிசு மேடையில் விதி சொன்னால் அது யாருக்கோ சாதகமாகத்தான் தெரியும்.

மாலையில் நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு அப்பா வந்தார். “ஏனுங்க சார், பாப்பாவும் அஞ்சரை பாயிண்ட், அந்தப் பையனும் அஞ்சரை பாயிண்ட். இவளுக்கு மட்டும் ஏன் ஆறாவது இடம்?”

“வாங்கண்ணா, பார்க்கலாம்” என்று நடுவர் கம்ப்யூட்டர் பக்கம் அழைத்துப் போனார். இரண்டு பேரின் எதிராளிகளையும் வரிசையாகக் காட்டிக் கூட்டினார். அந்தப் பையன் ஆடியவர்கள் அதிகப் புள்ளி எடுத்திருந்தார்கள். அந்த அப்பா மறுபடி ஒருமுறை தானே கூட்டிப் பார்த்தார், “சரிங்க” என்றார். அந்தப் பாப்பாவுக்கு அவள் பிரிவின் பெண்கள் வரிசையில் முதல் பரிசு வந்தது.

முதல் பரிசைப் பெரிதாக வைத்தால் நோட்டீஸ் கண்ணைப் பறிக்கும் என்றார்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தொகையைக் குறைத்து, ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் 10 ஆம் இடம் வரை கோப்பை வைத்தோம். கலந்துகொண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பதக்கம்.

அடுத்த ஆடிக்கு ஒன்றை மாற்றுகிறோம். 8 வயதுப் பிரிவுக்கு 6 ரவுண்டு போதும், பரிசையும் ஆட்டம் முடிந்த கையோடு கொடுத்துவிடுவோம். ஏற்காட்டுப் பிள்ளைகள் இருட்டுவதற்குள் மலை ஏற வேண்டும்.