மாரியும் உலையும்: ஒரு ஆய்வுகூட நாட்குறிப்பு

நவம்பர் 14, மட்டக்களப்பு

இரவு முழுக்க மழை. காலையில் நேராக, ஈயம் இல்லாமல் நான் செய்துவரும், அழுத்தினால் மின் தரும் செரமிக் வில்லைகளைத்தான் போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை உலையிலிருந்து எடுத்து மேசையில் விட்டிருந்த ஆறில் நான்கு, விளிம்பு உதிர்ந்து மாவாகிக் கிடந்தன. மூன்று வார வேலை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 16

காரணம் பிடிபட்டது. எங்கள் வில்லை பொட்டாசியம் சோடியம் நயோபேற்று. 1000 பாகைக்கு மேல் சுடும்போது பொட்டாசியமும் சோடியமும் ஆவியாகும் என்று பயந்து, இரண்டையும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தேன். மூடிய கிண்ணத்துக்குள் அவ்வளவு ஆவியாகவில்லை. மிஞ்சியது வில்லைக்குள் தங்கி, மாரிக்காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டது.

மூலப்பொருளான பொட்டாசியம் காபனேற்றும் அப்படித்தான். போத்தலைத் திறந்து வைத்தால் கண் முன்னே கசியும். இனி 200 பாகையில் இரவு முழுக்க உலர்த்தாமல் ஒரு கிராமும் நிறுப்பதில்லை.

நவம்பர் 23

மாமாவின் படகில் மீன் பார்க்கும் கருவி பழுதாகிவிட்டது. அடியில் இருக்கும் உணரியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "இதுக்குள்ள என்ன மகன் இருக்கு?" என்று கேட்டார்.

ஒலியை அனுப்புவதும் திரும்பி வருவதைக் கேட்பதும் உள்ளே இருக்கும் செரமிக் வில்லைதான். மின்னழுத்தம் கொடுத்தால் அது அதிரும். அதிர்ந்தால் மின் தரும். இந்த வேலைக்கு வழக்கமாகப் பயன்படுவது பிசெட்டி (PZT) என்ற ஈயச் செரமிக். அதன் எடையில் 60 வீதத்துக்கும் மேல் ஈயம். பழையதை எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். வாவிப் பக்கம் கையைக் காட்டினார்.

2006 இல் ஐரோப்பாவில் மின்சாதனங்களில் ஈயத்துக்குத் தடை வந்தபோதும் இந்தச் செரமிக்குக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஈடான மாற்று இல்லை என்பதே காரணம். அந்த மாற்றில் ஒரு துளியாவது இந்த வாவிக்கரையிலிருந்து போகவேண்டும் என்பது என் ஆசை.

நவம்பர் 30

உலை 900 பாகையைத் தாண்டும்போது கரண்ட் போனது. அந்தத் தொகுதி சரிவரவில்லை. மறுபடி அரைக்கவேண்டும்.

டிசம்பர் 9

இன்று நல்ல நாள். லித்தியம் சேர்க்காத வில்லை, ஒரு நியூட்டன் விசைக்கு 84 பிகோகூலோம் மின்னேற்றம் தந்தது. பொட்டாசியம், சோடியம் இடங்களில் 6 வீதத்தை லித்தியத்துக்குக் கொடுத்த வில்லை 187 தந்தது! மூன்று முறை அளந்து பார்த்தேன்.

பாடநூல் இதை மாசூட்டல் என்கிறது. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை, இது அழுக்கே அல்ல. லித்தியம் மிகச் சிறிய அயன் (மின்னேற்றம் உள்ள அணு). பெரியவர்கள் இருந்த இடத்தில் அது புகும்போது படிகம் கொஞ்சம் நெளிகிறது. அதனால் 200 பாகை அளவில் நடக்கும் கட்டமைப்பு மாற்றம் அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் இறங்கி வருகிறது. அந்த எல்லையில் இரண்டு கட்டமைப்புகளும் கலந்து நிற்பதால் உள்ளே இருக்கும் முனைவுகளுக்கு (நேர், மறை மின் முனைகள் உள்ள சோடிகளுக்கு) திரும்ப நிறையத் திசை கிடைக்கிறது. அப்புறம், எண்ணெய்க்குள் வைத்து மில்லிமீட்டருக்கு 3000 வோல்ட் கொடுத்தால் அவை இலகுவாக ஒரு பக்கம் சாய்கின்றன.

2004 இல் ஜப்பானில் சைட்டோ குழுவினர் லித்தியத்தோடு தந்தாலமும் அந்திமனியும் சேர்த்து, செரமிக்கின் நுண்படிக மணிகளை ஒரே திசையில் அடுக்கி 416 வரை போனார்கள். எனக்கு அந்தத் தூரம் தெரிகிறது.

டிசம்பர் 11

ஒரு சிக்கல். அந்தக் கட்டமைப்பு மாற்ற எல்லை அறை வெப்பநிலையில் இருந்தால் வெயிலுக்கு ஒரு எண், மழைக்கு ஒரு எண் என்று அளவு மாறும். கடலில் கிடக்கும் கருவிக்கு இது ஆகாது. பெரிய எண்ணைவிட ஆடாத எண்தான் மாமாவுக்கு வேண்டும்.

டிசம்பர் 12

மாமாவை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிவந்தேன். வில்லையை அலைகாட்டியில் இணைத்து, நகத்தால் தட்டச் சொன்னேன். திரையில் கோடு துள்ளியது. "துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டுக் காதை வச்சு மீன் பாட்டுக் கேக்கிற மாதிரித்தானே?" என்றார். எங்கள் வாவியில் மீன் பாடும் என்பது ஊர்ப்பேச்சு. ஆமாம் மாமா, அதேதான்.

இன்றிரவு காபனேற்று கனலடுப்பில் உலர்கிறது. அந்த எல்லையை அறை வெப்பநிலையிலிருந்து விலக்கிப் பார்க்க, நாளை 4 வீத லித்தியம் நிறுக்கவேண்டும்.