உலரக் கூடாத விதை

கேரளத்தின் குளத்துப்புழைக் காட்டில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, மரங்களின் சுற்றளவை எடுப்பது. தரையிலிருந்து மார்பளவு உயரத்தில் நாடாவைச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அங்கே தரை எது என்பதே பிடிபடவில்லை. ஓடை பள்ளத்தில் பரவி, கணுக்கால் புதையும் கருஞ்சேறாகக் கிடந்தது. கொத்தப்பயின் என்கிற காட்டு ஜாதிக்காய் மரங்கள் இடுப்பு உயரத்துக்குத் தாங்குவேர் ஊன்றி நின்றன. பக்கத்தில் அதன் பங்காளி உண்டப்பயின். அதன் வேர்கள் மடக்கிய முழங்கால்போலச் சேற்றுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தன. சேற்றில் காற்று கிடையாது, வேர் மூச்சு விட அதுதான் வழி. கூட வந்த வாச்சர் சேட்டன் நாடாவை வாங்கி, தாங்குவேர்கள் பிரியும் இடத்துக்கு மேலே சுற்றிக் காட்டினார். அதற்குள் அட்டைகள் என் சாக்ஸைக் கண்டுபிடித்திருந்தன.

இந்தச் சதுப்புக் காட்டைப் பற்றிய முதல் விவரமான கட்டுரை வந்ததே 1960இல்தான். கேரளத்தில் மிச்சமிருப்பது எல்லாம் சேர்த்தே சுமார் 1.5 சதுர கிலோமீட்டர். தட்டையான பள்ளம், வற்றாத ஓடை என்றால் நெல் வயலுக்கும் வாகுதானே. பல சதுப்புகள் அப்படித்தான் போயின.

நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நாற்றங்காலுக்காக விதை பொறுக்கினோம். சிவப்பு ஜாதிபத்திரியை உரித்துவிட்டு, படித்த பாடத்தை நம்பி எல்லாவற்றையும் நிழலில் செய்தித்தாள்மேல் உலர்த்தினேன். உலர்ந்தால்தான் விதை கெடாது என்பது என் ஞானம். இரண்டு வாரம் கழித்து விதைத்ததில் ஒன்றுகூட முளைக்கவில்லை. கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடவென்று ஆடியது. இந்த விதைக்கு உறக்கம் கிடையாது. விழுந்த ஈரத்திலேயே முளைக்க வேண்டும், காய்ந்தால் செத்தது.

சேட்டன் திட்டவில்லை. அடுத்த நாள் ஓடையின் மேல்பகுதிக்குக் கூட்டிப்போனார். எப்போதோ யாரோ வெட்டிய வாய்க்கால் தண்ணீரை வேறு பக்கம் திருப்பியிருந்தது. மரங்கள் பச்சையாகத்தான் இருந்தன, காயும் பிடித்திருந்தது. கீழே சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளுக்குள் நேற்று நான் குலுக்கிய மாதிரியே விதைகள் கிடந்தன. ஒரு கன்றுகூட இல்லை.

அங்கே நான் நாடாவை வெளியே எடுக்கவே இல்லை. திரும்பும்போது சேட்டன் ஈரச் சேற்றில் கிடந்த ஒரு புது விதையைக் கால் கட்டைவிரலால் மெல்ல அழுத்திவிட்டு நடந்தார்.