பூசாத சுவர் வைத்த செலவு

பூச்சு இல்லை, பெயிண்ட் இல்லை, ஃபால்ஸ் சீலிங் இல்லை, அதனால் செலவு குறையும் என்று எந்த டிசைனராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள். கோவையில் எங்கள் சேலை பொட்டிக்கைத் திறந்தாயிற்று. கடை அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பூச்சை எடுத்துவிட்டு அப்படியே தெரியவிட்ட அந்தச் செங்கல் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

லைசென்ஸ், ஜிஎஸ்டி, கரண்ட் கனெக்‌ஷன் எல்லாம் அலைச்சல் இல்லாமல் முடிந்தன. வாடகைக் கட்டடத்தின் பூச்சைக் கொத்தத் தொடங்கியதும்தான் வினை வந்தது. எப்படியும் பூசப்போகிற சுவர்தானே என்று அந்தக் காலத்துக் கொத்தனார் அரைக்கல்லும் உடைகல்லுமாக வைத்துக் கட்டியிருக்கிறார். குறுக்கே ஒயரிங் குழாய்க்கு வெட்டிய பள்ளம் வேறு. டிசைனர் எங்களிடம் காட்டியது கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளின் படங்களை. அவை செங்கல் வெளியே தெரிய வேண்டும் என்றே பார்த்துப் பார்த்துக் கட்டியவை. "நாலு இடத்துல தட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம் மேடம்" என்று மேஸ்திரி அப்போதே சொன்னார். டிசைனர் காதில் வாங்கவில்லை. இடுக்குகளைச் சுரண்டி, உடைந்த கல்லை மாற்றி, இடுக்குகளில் மறுபடி கலவை அடைத்துப் பாயிண்டிங் செய்த கூலியில் அந்தச் சுவரைத் தாராளமாகப் பூசியிருக்கலாம்.

அதோடு விட்டார்களா? மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்தார்கள். ஒரு மழைதான் பெய்தது. சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் வார்னிஷுக்கு அடியில் திட்டுத் திட்டாக உப்பு பூத்து, தொட்டால் தோலாக உரிந்து வந்தது. எல்லாவற்றையும் சுரண்டி, சுவரைக் காயப்போட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்தெடுத்தோம். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து திரும்பவும் கல்லுக்குள்தான் போகும். பிறகு வார்னிஷுக்குப் பதில் அடித்தது, கல்லுக்குள் ஊறிவிடும் சைலேன் சிலாக்சேன் வகைத் திரவம். தண்ணீரைத் தடுக்கும், ஆவியை வெளியே விடும், மினுங்காது. கடையில் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வெறுமனே 'மேட்' என்றால் இன்னொரு வார்னிஷைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

பெயிண்ட் அடிக்காத இரும்புக் குழாயில் செய்த ஸ்டாண்ட் அடுத்த கூத்து. மடித்துப் போட்டிருந்த வெள்ளை நெகமம் சேலையில், மடிப்பு விழுந்த இடத்தில் நேர்கோடாகத் துரு. துவைத்தும் போகவில்லை. துணி படுகிற கம்பி மட்டுமாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஸ்டாண்டைச் சுவரை விட்டு அரையடி தள்ளிப் போடுங்கள். செங்கல் தூள் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும்.

லைட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. செங்கலும் ரெட் ஆக்சைடு தரையும் சேர்ந்து எல்லாச் சேலைக்கும் ஒரு சிவப்பு ஏற்றின. வாடிக்கையாளர்கள் நிறம் பார்க்க வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது போட்டிருக்கும் லைட்டுக்கு, நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சிஆர்ஐ 90க்கு மேல்; வெளிச்சம் 4000 கெல்வின், அதாவது மஞ்சளும் நீலமும் தூக்கலாக இல்லாத வெள்ளை. வாசலுக்குப் போவது குறைந்திருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் ஜெயித்தோம். கடையைப் பார்க்க வந்த ஓனர், "காலி பண்ணும்போது பூசிக் குடுத்துடணும்" என்றார். உள்பூச்சை எடுக்கலாம், திரும்பப் பூச வேண்டியதில்லை என்று அக்ரிமென்டில் ஒரு வரி சேர்க்க வைத்திருந்தார் என் அண்ணன். அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, சேலை விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.